மணி அடிக்காத கூட்டம்

என் வீட்டுக்காரர் தோனிஸ் உய்போ பொறாமைப்படாத ஆள் எங்கள் தம்மெவெரே வட்டாரத்தில் கிடையாது. பாதிரியாருக்குக் குரல் நன்றாக இருந்தால் இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. மில்காரர் ஹிந்த் புதுக் குதிரை வாங்கினால், "நாலு மாசம் தாங்குமா பார்ப்போம்" என்பார். அந்தக் குதிரை பதினாறு வருஷம் தாங்கியது. அதற்கும் கோபம். அவர் போய் இது மூன்றாவது குளிர்காலம். செத்தவரைப் பற்றி இப்படிச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அவர் இருக்கும்போதும் முகத்துக்கு நேராக இதையேதான் சொல்வேன்.

மற்றவர்கள் மேல் பட்ட பொறாமையெல்லாம் வந்து போகும். யாகுப் ராவெல் மேல் பட்டது மட்டும் ஆயுளுக்கும் நின்றது. ராவெலை யாருக்குத் தெரியாது? நாடு பிறந்தபோது முன்னால் நின்றவர், அரசியல் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரிக்கு ஒரு வாரம் சண்டை போட்டவர். எங்களுக்கு அவன் யாகுப். கூலிக்காரன் மகன். பதினாலு வயதில் குரல் உடைந்துகொண்டிருந்தபோதே பாட்டுச் சங்கத்தில் சேர்ந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து பார்லிக் கஞ்சி குடித்த பையன்.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியது என் வீட்டுக்காரர். அதைச் சொல்லாவிட்டால் அவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். அவர் பிறந்தது பண்ணைக்குச் சேர்ந்த ஒரு குடிசையில். தொழில் வண்டிச் சக்கரம் செய்வது. பண்ணை முற்றத்தில் ஜெர்மன்காரப் பிரபுவைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மழை பெய்தாலும்தான். முப்பது வயதில் அந்த மனிதர் எங்கிருந்தோ தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, ஜாரின் கவர்னருக்கு மூன்று வருஷம் மனுமேல் மனு போட்டு, ரஷ்ய மொழியில் முத்திரை குத்திய விதிப் புத்தகத்தோடு ஒரு சங்கத்துக்கு அனுமதி வாங்கிவிட்டார். நாற்பது பேர் பாட, எட்டுப் பேர் பித்தளைக் குழல் ஊத. இவர் உள்ளே நுழைந்தால் அந்த நாற்பத்தெட்டுப் பேரும் எழுந்து நிற்பார்கள். அதுவரை அவருக்காக எங்கள் வீட்டு ஆடுகூட எழுந்து நின்றதில்லை.

ஒரு தடவை ருசி கண்டவர் பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியை விடவில்லை. வாரத்தில் மூன்று மாலை ஒத்திகை. ஞாயிறு கோவில் முடிந்ததும் நிர்வாகக் கூட்டம். பாட்டுத் தாள்கள் இருந்த அலமாரியின் சாவி அவர் இடுப்பில். அந்தத் தாள்களை ராந்தல் வெளிச்சத்தில் குனிந்து குனிந்து பிரதி எடுத்தது நான். நாலு குரலுக்கும் தனித்தனியாக, நாற்பது பேருக்கு. என் பெயர் ஒரு தாளிலும் இல்லை. சரி, அது என் கதை, அப்புறம் வருகிறேன்.

யாகுப் இருபத்துமூன்று வயதில் ஊரைவிட்டுப் போனான். சட்டம் படித்தான், ஜார் காலத்தில் ஜெயிலுக்குப் போனான், சைபீரியாவுக்குப் போனான், திரும்பி வந்தான். சண்டை வந்தது, நாடு வந்தது. பார்த்தால் பத்திரிகை முழுக்க அவன் முகம்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குக் கிறுக்குப் பிடித்தது. 1920ஆம் வருஷக் குளிர்காலம். பத்திரிகையில் யாகுபின் வாழ்க்கையை வாராவாரம் எழுதத் தொடங்கினார்கள். சனிக்கிழமை தபால் வந்ததும் இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்காருவார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தன் பெயரைத் தேடுவார்.

"அவங்கப்பன் பேரு இருக்கு. அம்மா பேரு இருக்கு. அவன் மேய்ச்ச மாட்டோட பேருகூட இருக்கு, மல்லே! மாட்டுக்குப் பேரு போட்டிருக்கான்!"

"அடுத்த வாரம் வரும்."

"அடுத்த வாரம் ஜெயில். அதுக்கடுத்த வாரம் சைபீரியா. நான் எங்கே? நாலு பேர் முன்னாடி கால் நடுங்காம நிக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? அவங்கப்பனா? அந்தாளு வாயைத் திறந்தா ஏப்பம்தான் வரும்."

மில்லுக்கு மாவரைக்கப் போனால் அங்கே ஹிந்த் காத்திருப்பான். எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்பான். "என்ன உய்போ, இந்த வாரமாவது உன் பேரு வந்துதா? இல்ல மாட்டுக்கு அப்புறம்தானா?"

மாவு மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு இவர் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்ததும் என்மேல் பாய்வார், கஞ்சியில் உப்பு அதிகம் என்று.

வசந்தம் பிறந்து பனி உருகியபோது ஒரு முடிவுக்கு வந்தார். தலைநகர் தாலினுக்குப் போவது, அரசியல் சட்டம் எழுதுகிற சபையில் யாகுப் பேசுகிற நாளில் பார்வையாளர் மாடத்தில் உட்காருவது, அவன் கண்ணில் படுவது. "என்னைப் பார்த்தா அவன் சொல்லித்தான் ஆகணும். 'என்னை உருவாக்குனவர் இதோ உட்கார்ந்திருக்கார்'னு அந்தச் சபையில சொல்லணும். அதைக் கேட்டுட்டா போதும். நான் செத்தாலும் சரி."

அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இதற்காகக் கல்யாணக் கோட்டை எடுத்துப் பொத்தான் தைக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிக்க முடியவில்லை. பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்றேன். கம்பு ரொட்டியும் உப்பில் ஊறிய பொடிமீனும் கட்டி எடுத்துக்கொண்டோம்.

சபையில் அன்றைக்குப் பெரிய வாக்குவாதம். நாட்டுக்கு ஒரு ஜனாதிபதி வேண்டுமா, வேண்டாமா? எல்லா நாட்டிலும் இருக்கிறாரே, நமக்கு மட்டும் தலையில்லாத உடம்பா என்று ஒருவர் அரை மணி நேரம் முழங்கினார். எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பிறகு யாகுப் எழுந்தான். முடி நரைத்திருந்தது. நாற்பதுக்குள்தான் வயது, ஆனால் தோள் கூனியிருந்தது. என் வீட்டுக்காரர் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

யாகுப் கத்தவில்லை. ஒத்திகை முடிந்து என் அடுப்படியில் பேசுகிற மாதிரியே பேசினான்.

"நான் புத்தகம் படிச்சு இந்தச் சட்டத்தை எழுதலை," என்றான். "எனக்கு நடந்ததை வெச்சுத்தான் எழுதினேன். விசாரணையே இல்லாம ஒம்பது மாசம் ஜெயில்ல வெச்சாங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லலை. அதனாலதான், ஒரு ஆளைப் பிடிச்சா மூணு நாளுக்குள்ள நீதிபதி காரணம் சொல்லணும்னு எழுதியிருக்கோம்."

கைதட்டல். என் வீட்டுக்காரர் தட்டவில்லை. "ஜெயிலுக்கு இவ்வளவு மரியாதை" என்று முணுமுணுத்தார்.

"சைபீரியாவுல ஒரு விதவை எனக்குக் கோட்டு கொடுத்தா. அவ பேசின பாஷை எனக்குப் புரியாது, என் பாஷை அவளுக்குப் புரியாது. நம்ம நாட்டுல இருக்கிற மத்த பாஷைக்காரங்க தங்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே நடத்திக்கட்டும்னு நான் பிடிவாதம் பிடிச்சதுக்கு அந்தக் கோட்டுதான் காரணம்."

"கோட்டு!" என்றார் இவர். "நான் அவனுக்கு ரெண்டு பூட்ஸ் கொடுத்திருக்கேன்." காது நுனி சிவந்துவிட்டது. பெயர் தெரியாத ஒரு விதவை மேல் அவ்வளவு ஆத்திரம்.

"இப்ப ஜனாதிபதி விஷயத்துக்கு வர்றேன்," என்றான் யாகுப். "எங்க ஊர்ல ஒரு பாட்டுச் சங்கம் இருந்துது."

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் வெளியிடத்தில் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"அதோட தலைவர் நல்ல மனுஷன். ஒரு காசு திருடலை. அவர் இல்லாட்டி சங்கமே கிடையாது. ஆனா அவர் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். ஒரு ஜனவரி மாசம் ஆண்டுக் கூட்டத்துல வேற ஆளைத் தேர்ந்தெடுக்கலாம்னு நாங்க முடிவு பண்ணிப் போனோம். நாற்பத்தெட்டுப் பேர்ல நாற்பது பேர் எங்க பக்கம். கவர்னர் முத்திரை குத்தின விதியில என்ன இருந்துது தெரியுமா? தலைவர் மணி அடிச்சுத் தொடங்கிவெச்சாத்தான் கூட்டம் செல்லும். அவருக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. வந்தார், நாற்காலியில உட்கார்ந்தார், மணியை எடுத்துச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்."

சபையில் சிரிப்பு கிளம்பியது.

"நான் எழுந்து, ஓட்டு எடுக்கணும்னேன். 'கூட்டம் இன்னும் ஆரம்பிக்கலையே, தம்பி'ன்னார். அவ்வளவுதான். நாங்க உட்கார்ந்தோம். அவரும் உட்கார்ந்தார். நாலு மணி நேரம். விதியை மீறினா கவர்னர் சங்கத்தையே மூடிடுவான். அதனால நாற்பது வளர்ந்த மனுஷங்க வாயை மூடிக்கிட்டு ஒரு மணியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். அடுப்பு அணைஞ்சுது. ஒவ்வொருத்தரா மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எழுந்து போயிட்டாங்க. அந்த வருஷம் கூட்டமே நடக்கலை. அதனால தலைவரும் மாறலை."

சபையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு மட்டும் அந்த மத்தியானம் அப்படியே நினைவுக்கு வந்தது. நான் பின்வாசலில் காபிப் பானையோடு நின்றிருந்தேன். கூட்டம் முடிந்தால்தான் காபி. கூட்டம் தொடங்கவே இல்லை, முடிவது எங்கே? நாலு மணி நேரம் நான் நின்றதை யாகுப் சொல்லவில்லை. நான் நின்றது அவனுக்குத் தெரிந்தே இருக்காது.

"அதனாலதான்," என்றான், "இந்தச் சபையை யாரும் கூப்பிட வேண்டியதில்லைன்னு எழுதினேன். குறிச்ச மாசத்துல குறிச்ச திங்கட்கிழமை தானா கூடும். ஆட்சி நடத்துற ஆளைச் சபை என்னிக்கு வேணும்னாலும் வீட்டுக்கு அனுப்பலாம். அவருக்கு மேல இன்னொரு நாற்காலி வேண்டாம். கெட்டவனுக்குப் பயந்து நான் இதைக் கேட்கலை. நல்லவனுக்குப் பயந்துதான் கேட்கிறேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு பருத்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தொடையில் தட்டினான். "எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கன்யா அந்தக் கிழவன்! இப்ப உசிரோட இருந்தா காட்டணும்!"

இவர் என் கையை விட்டுவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சரி, மனிதர் உடைந்துவிட்டார், வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் படுக்கவைக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுந்தவர் வாசலுக்குப் போகவில்லை, படியிறங்கி உறுப்பினர்கள் வருகிற தாழ்வாரத்துக்குப் போய் நடுவில் நின்றார். கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டார்.

யாகுப் நாலைந்து பேரோடு வந்தான். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த தாள்கள் நழுவின. கூட இருந்தவர்களை அனுப்பிவிட்டான்.

"தலைவரே," என்றான். பழைய பழக்கம். "நீங்க மேலே இருந்தீங்களா? அக்கா, நீங்களுமா?"

"ஏன்டா யாகுப்," என்றார் என் வீட்டுக்காரர். "பேரு எங்கடா?"

"என்ன பேரு?"

"என் பேருடா! கதையைச் சொன்னியே, முழுசாச் சொன்னியே, பேரைச் சொன்னியா? 'எங்க ஊர்ல ஒருத்தர்'! நான் என்ன ஊர் பேர் தெரியாதவனா? தோனிஸ் உய்போன்னு சொன்னா வாய் வெந்துபோகுமா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாடே சிரித்திருக்கிறது, இவருக்குப் பெயர் வரவில்லை என்பதுதான் குறை.

"உங்களுக்கு அவமானமா இருக்கும்னு..."

"அவமானமா? அந்த மாட்டுக்குப் பேரு போட்டப்ப மாடு அவமானப்பட்டுதா?"

யாகுப் சிரிக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் சாய்ந்து, கீழே கிடந்த தாள்களைப் பார்த்தான். "உள்ளே நான் சொன்னது பாதிதான், தலைவரே. மீதியை அங்கே சொல்ல முடியாது."

"என்ன மீதி?"

"அன்னிக்கு நான் நியாயத்துக்காக எழுந்து நின்னேன்னு எல்லாரும் நெனச்சாங்க. எனக்கு வேண்டியிருந்தது உங்க நாற்காலி. ரெண்டு வருஷமா அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க உள்ளே வரும்போது எல்லாரும் எழுந்து நிப்பாங்களே, எனக்கு வயிறு எரியும். நீங்க மணியைப் பையில போட்டீங்க பாருங்க, அப்ப கோபம் வந்துதுன்னா நெனக்கிறீங்க? 'அடடா, இது நமக்குத் தோணலையே'ன்னுதான் தோணுச்சு. நான் உட்கார்ந்தா நானும் இதையேதான் செய்வேன்னு அந்த நாலு மணி நேரத்துல எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு." குனிந்து தாள்களைப் பொறுக்கினான். "இன்னிக்கு ஜனாதிபதி நாற்காலின்னு ஒண்ணு போட்டா, அதுல யாரை உட்கார வெப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். என்னைத்தான். எழுந்திருப்பேன்னு எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால போடவே வேண்டாம்னு கத்திக்கிட்டிருக்கேன்."

என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "அப்படின்னா... என்னைப் பார்த்து நீ பொறாமைப்பட்டே?"

"பட்டேன்."

"நிஜமாவா?"

"தூக்கமே வராது, தலைவரே."

அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படி மலரவில்லை. யாகுபின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார், "நல்லா எழுது, தம்பி, நல்லா எழுது" என்றார், ரொட்டி மூட்டையை என் கையிலிருந்து வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டார். எங்களுக்கு வழிக்கு வேறு சாப்பாடு இல்லை. அவருக்குப் பசிக்கவே இல்லை.

ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னார். யாகுப் ராவெல் என்னைப் பார்த்துத் தூக்கம் கெட்டவன், தெரியுமா உங்களுக்கு? இந்த நாட்டில் ஜனாதிபதி வராததற்கு நான்தான் காரணம். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனாள். நான் பசியோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கதை. எனக்கு அந்த ரயிலில் வயிறு எரிந்தது. பசியால் மட்டும் அல்ல. தாழ்வாரத்தில் இரண்டு ஆண்கள் ஒரு நாற்காலிக்காக ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏங்கியதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலி என் வீட்டுக்காரரை வாரத்துக்கு மூன்று மாலையும் ஒரு ஞாயிறும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. அடுப்பில் கஞ்சி ஆறும், நான் நாற்பது பேருக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருப்பேன். வேறொரு பெண்பிள்ளையாக இருந்திருந்தால் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். நாற்காலியை என்ன செய்வது? அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

"ஜனவரியில சங்கத் தேர்தல் வருதில்ல," என்றேன்.

"ஆமா. எனக்கப்புறம் உட்கார்ந்த ஹிந்த் திரும்பவும் நிப்பான், கழுதை."

"நான் நிக்கப்போறேன்."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீயா? எதுக்கு?"

"ஓட்டுதான் பொம்பளைங்களுக்கும் கொடுத்துட்டாங்களே. சும்மா வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

சண்டையில் எங்கள் ஆண்குரல்களில் பதினொன்று திரும்பி வரவில்லை. சங்கத்தில் இப்போது பெண்களே அதிகம். எந்தப் பாட்டு எந்தத் தாளில் இருக்கிறது, எந்தக் குரலுக்கு எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஹிந்த்துக்குப் பன்னிரண்டு ஓட்டு, எனக்கு இருபத்தாறு. கை தூக்கி எடுத்த ஓட்டு. என் வீட்டுக்காரர் இரண்டு தடவையும் கையைத் தூக்கவில்லை, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஒத்திகைக்கு நான் உள்ளே போனபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது. அவரை நான் அந்த ஒரு நிமிஷத்தில் முழுக்க மன்னித்துவிட்டேன்.

ஒத்திகை இழுத்துக்கொண்டே போனது. பிறகு நிர்வாகக் கூட்டம். பிறகு புதுக் குழல் வாங்குவது பற்றிப் பேச்சு. யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை, நான்தான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் கல்யாணக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு கிண்ணம். அறுபத்துமூன்று வயதில் முதல் தடவையாகக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார், அதுவும் ஆறி ஆடை படிந்திருந்தது.

"இவ்வளவு நேரம் அப்படி என்ன கூட்டம்?" என்றார்.

என் கோட்டைக் கழற்றி மாட்டினேன்.

"வாரத்துக்கு மூணு நாளும் இப்படித்தானா?"

"ஞாயிறும் உண்டு," என்றேன்.

கரண்டியால் கஞ்சியைக் கிளறினார். என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார். "மல்லே, என்னைவிட உனக்கு அந்த நாற்காலிதான் பெரிசாப் போச்சா?"

பத்தொன்பது வருஷம் நான் வாய் திறந்து கேட்காத கேள்வியை அவர் முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார். என்ன பதில் சொல்வது என்று அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் கடைசி வரைக்கும் சாப்பிட்டேன். உப்பே இல்லை.